எங்கள் அண்ணன் தானாக விட்ட குடி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில் ஒருநாள் காலையில், தனியாக வந்த ஒரு இளம்பெண் தலைசுற்றி வாந்தி எடுத்துவிட்டாள். நெரிசலில் யார் எடுத்தது என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் வந்தார். பக்கத்தில் சிவந்த கண்ணோடு நின்ற எங்கள் அண்ணனைப் பார்த்து, "காலையிலியே ஊத்திக்கினு ஏறிட்டியாய்யா?" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா சார், தப்புதான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் தன் தோள்துண்டாலேயே இடத்தைத் துடைத்தார். அன்றைக்கு அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. நான் கூடவே இருந்தேன்.

அண்ணன் பெயர் சீனுவாசன். பிரம்மதேசம் பக்கத்தில் சொந்த நிலம், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுவார். மற்ற நாட்களில் குடித்தார், அதை மறைக்க மாட்டேன். அண்ணி கொளஞ்சி பட்ட பாட்டை எழுத எனக்குப் படிப்பு போதாது. குடியை விடவேண்டும் என்று திருவக்கரை அம்மன் சன்னதியில் அவர் கையில் கயிறு கட்டினோம். கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். மறுபடியும் கட்டினோம். மறுபடியும் அறுத்தார்.

பிறகு ஒருநாள் விழுப்புரத்தில் என் வீட்டுக்குத் தானாக வந்தார். "என்னால தனியா நிறுத்த முடியலம்மா. எங்கியாவது கூட்டிக்கினு போ" என்றார். எங்கே கூட்டிப் போவது? நான் கோயில் வாசலில் பூ கட்டி விற்கிறவள். தினமும் என்னிடம் பூ வாங்கும் நர்ஸ் லூர்துமேரியைக் கேட்டேன். ஒரு சர்ச்சுக்குப் பின்னால் பள்ளிக்கூட அறையில், குடியை விட்டவர்கள் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள் என்றாள். மருந்து கிடையாது, சாமி பேதம் கிடையாது, மனசு விட்டுப் பேசுவார்களாம்.

முதல் ஞாயிறு நாங்கள் தெரியாமல் சர்ச்சுக்குள்ளேயே போய்விட்டோம். கடைசி பெஞ்சில் பூசை முடியும்வரை கைகூப்பி உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்து அண்ணன், "நல்லாத்தான் பாடறாங்க. குடியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

அடுத்த ஞாயிறு சரியான இடத்தைக் கண்டுபிடித்தோம். கதவில் போர்டு எதுவும் இல்லை. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த தேவசகாயம் என்கிற லாரி டிரைவர், அண்ணன் கையைப் பார்த்தார். "இதான் இடம், உள்ள வாங்க. கை நடுங்குதுன்னு வெக்கப்படாதீங்க. உள்ள இருக்கறது எல்லாம் நடுங்கின கைதான்" என்றார்.

அதிலிருந்து வாராவாரம் பஸ் ஏறி வந்தார். நடவு, அறுப்பு என்று எதற்கும் நின்றதில்லை. மீட்டிங் முடிந்தால் என் கடைக்கு வந்து வாழைநார் கிழித்துத் தருவார். குடிக்காமல் ஒரு வருஷம் முடிந்த அன்று எல்லாரும் கைதட்டினார்களாம். "வாழ்க்கையில நானா செஞ்சது இது ஒண்ணுதாம்மா" என்றார். நான் அம்மனுக்கு ஒரு மாலை கூடுதலாகக் கட்டினேன்.

அப்புறம் அவருக்கு உடம்பு இளைத்தது, கண் மஞ்சளானது. ஊரில் திருட்டுக்குடி என்று பேசினார்கள். ஆஸ்பத்திரியிலும் முதலில் அதையே கேட்டார்கள். பிறகு டாக்டர், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று விசாரித்தபோது அண்ணி அழுதுவிட்டாள். குடியை நிறுத்தும், குடிக்கிறவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டி விற்கிறார்களே, அந்தப் பொடியை அண்ணன் மீட்டிங் போவதற்கு முன்பிருந்தே காலைக் கூழில் கலந்து கொடுத்திருக்கிறாள். கல்லீரல் வீங்கினதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர்.

"உயிரோட இருக்கட்டும்னுதானே செஞ்சேன்? பொடி போடலன்னா நீ எங்க நிறுத்தியிருப்ப?" என்றாள் அண்ணி.

அப்போ விட்டது பொடிதானா என்று சொந்தக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"முன்னாடி போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. விட்டுட்டேன்னு உன்கிட்ட வந்து சொன்னேனே. அதுக்கப்புறமும் தெனம் போட்டுக் கரைச்சிக் குடுத்தியே, கொளஞ்சி."

உடம்பு கொஞ்சம் தேறியதும் என் வீட்டுக்கு வந்தார். "ஒரு கிளாஸ் ஊத்திப் பாத்தாத்தான் தெரியும், விட்டது நானா பொடியான்னு" என்றார். உடனே தேவசகாயத்துக்குப் போன் போட்டேன். வந்தார். "பொடியாய்யா வாராவாரம் பஸ் ஏறி வந்துது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அன்றைக்குப் பிராந்திக்கடைப் பக்கம் போகவில்லை. அதன்பிறகும் போகவில்லை.

ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி தட்டு வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கோயிலில் கொடுத்த பொங்கலைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காக்கைக்கு வைத்துவிட்டார். நிலத்தை அண்ணியிடம் விட்டுவிட்டு ஓசூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அங்கேயும் ஒரு மீட்டிங்கைக் கண்டுபிடித்திருக்கிறார், போனில் சொல்வார். தானே சமைத்துச் சாப்பிடுகிறார். அண்ணி இங்கே ஒற்றையாளாகக் களை வெட்டுகிறாள். யாருக்காக அழுவது என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விளக்கு ஏற்றுகிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், ஓசூருக்குப் புறப்பட்ட அன்று. வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். வாங்கினார், சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், பிறகு என் மடியிலேயே வைத்தார்.

"கோச்சிக்காதம்மா. உன்மேல எனக்குச் சந்தேகமே கெடையாது. வாயிகிட்ட எடுத்துக்கினு போனா, கை நின்னுடுது."