வண்டியின் இடது கன்னம்

எங்கள் சித்தப்பா சவுதியில் ஐந்து வருடம் லாரி ஓட்டிவிட்டுச் செஞ்சிக்குத் திரும்புவதற்குள், அவர் கொண்டுவரப்போகும் பணத்தை வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் செலவழித்து முடித்திருந்தோம். நைனா, சிங்கவரம் ரோட்டில் இருந்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட கொல்லையில் கிணற்றை ஆழப்படுத்தி மோட்டாரும் வைத்துவிட்டார். அம்மா ஓட்டு வீட்டை மெத்தை வீடாக்கி, மாடியில் வடகம்கூடக் காயவைத்துவிட்டாள். ஒன்பது வயதான நான் ஒரு பேசும் பொம்மை வாங்கி, அதற்குப் பெயர் வைத்து, அதனோடு சண்டையும் போட்டு முடித்திருந்தேன்.

சித்தப்பா வாங்கியது ஒரு வண்டி. ஏற்காட்டுப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கிடந்த பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. எங்கள் ஊருக்கு அது சொந்தக் காலில் வரவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இறக்கியபோது சீட்டுக்கடியில் கோழி முட்டை மூன்று இருந்தன. ஒன்று உடையாமலே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடி, "சித்தப்பா சம்பாரிச்சது" என்று நைனாவிடம் நீட்டினேன். முதுகில் ஒன்று விழுந்தது. ஏன் என்று அன்றைக்கு விளங்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன்?

வண்டிக்குப் பாடி கட்டும் வேலை பாய் பட்டறையில் நடந்தது. பாய் வாயில் எப்போதும் நாலு ஆணி இருக்கும். வேலைக்காக என்று நினைத்திருந்தேன். அது கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கு என்று பிறகு புரிந்தது. ஏனென்றால் செஞ்சியில் அந்த நாலைந்து மாதம் வேறு யாருக்கும் வேலை இருந்ததாகத் தெரியவில்லை. பட்டறை வாசலில் நின்று கருத்துச் சொல்வதே ஊர்த் தொழிலாக இருந்தது.

"இந்தத் துட்டுக்கு ரெண்டு டெம்போ வாங்கிக்கலாமே" என்பார் எதிர் டீக்கடைக்காரர்.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. பின்னாடி எதுக்கு இருக்குதுன்னுதான் தெரியல" என்பார் திண்டிவனம் பஸ் டிரைவர்.

"கோட்டை மேல பீரங்கி இருக்குது இல்ல? அத எதுக்கு வெச்சிருக்கான்? பாக்கத்தான். அத மாதிரி இதுவும்" என்று இன்னொருவர் சித்தப்பாவுக்காக வாதாடுவார். சித்தப்பாவுக்கு அந்த உதவி பிடிக்காது.

உண்மையில் குழப்பம் அங்கேதான் இருந்தது. பின்னால் தொட்டிக்குத் தேக்குப் பலகை போட்டு, அலமாரிக்குப் போடுவதுபோல் பாலிஷும் போடச் சொல்லியிருந்தார் சித்தப்பா. ஒரு ஆட்டு வியாபாரி வந்து, "சந்தைக்குப் பத்து ஆடு ஏத்திக்கலாமா?" என்று கேட்டார். "ஆடா? இதுலயா?" என்று சித்தப்பா, பூசையறையில் செருப்போடு யாரோ நுழைந்ததுபோல் பதறினார். மூட்டை? கீறும். செங்கல்? பேச்சே கிடையாது. லோடு ஏற்றக் கூடாத லோடு வண்டி. வகுப்பில் என்னை, "உங்க சித்தப்பா வண்டி இன்னா வண்டிடீ?" என்று கேட்டார்கள். அவமானம் தாங்காமல், "அது விதை வண்டி" என்று அடித்துவிட்டேன். விதை வண்டி என்றால் என்ன என்று ஒருத்திக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. நல்ல வேளை, எனக்கும் தெரியாது.

வீட்டில் நைனாவின் கருத்து மட்டும் தெளிவாக இருந்தது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அதைச் சொல்வார். "இரும்புக் கடைக்காரன்கூட சீந்த மாட்டான். கெணத்துல தண்ணி இல்ல, இவனுக்குத் தேக்குல தொட்டி!" இரண்டு பேரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, நடுவில் நான்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நைனா என்னைக் கூப்பிடுவார். "பட்டறைப் பக்கம் போயி பாத்துட்டு வா. எவ்ளோ வீணாப் போவுதுன்னு தெரியணும் இல்ல." போய்ப் பார்த்து வந்து சொல்வேன். வீணாய்ப் போவதைக் கேட்பவர் கேட்கிற கேள்வியா அது? "ஸ்டேரிங் இன்னா கலரு? வெள்ளையா? சுத்தி நிக்கல் வெச்சிருக்குதா? ஆரன் அமுக்குனியா, எப்டி கத்திச்சு?" நான் ஆரனைப்போல் கத்திக் காட்டுவேன். "உம். வீண்" என்பார். பொரி உருண்டைக்குக் காசு கொடுப்பார்.

பட்டறையில் சித்தப்பா கேட்பது இன்னும் வினோதம். "உங்க நைனா இன்னா சொன்னாரு?" ஒரு நாள் இரக்கப்பட்டு, "ஒண்ணும் சொல்லல சித்தப்பா" என்றேன். அவர் முகம் சப்பென்று ஆகிவிட்டது. மறுநாள் உள்ளதைச் சொன்னேன்: "இரும்புக் கடைக்காரன்கூட சீந்த மாட்டான்னாரு." சித்தப்பா குதூகலமாகிவிட்டார். "அப்டியா சொன்னாரு? எப்ப, சாப்டும்போதா? வேற இன்னா சொன்னாரு?" அங்கேயும் பொரி உருண்டை. திட்டினால் சந்தோஷப்படுகிற மனிதரையும், வீண் என்று சொல்லிக்கொண்டே விவரம் கேட்கிற மனிதரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் பொரி உருண்டை இரண்டு பக்கமும் ஒரே ருசியாக இருந்ததால் மேற்கொண்டு ஆராயவில்லை.

வண்டி முடிந்தது. பாலாடை நிறம், பக்கவாட்டில் ஒரு குங்குமக் கோடு. முன் சக்கரங்களுக்கு மேல் மட்கார்டுகள் இரண்டும் உப்பி, சாப்பாடு ஊட்டிவிட்ட குழந்தையின் கன்னம்போல் இருந்தன. வெள்ளிக்கிழமை காலை பட்டறை வாசலிலேயே பூசை என்று நாள் குறித்தார்கள். புதன்கிழமை சித்தப்பா, அம்மாவிடம் பேசுவதுபோல நைனாவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "அண்ணி, பூசை போட்டு மொதல்ல ஏறி உக்கார வேண்டியது அண்ணன்தான். வரலன்னா, இந்த வீட்டுல எனக்கு இன்னா இருக்குது? பாகம் பிரிச்சிக்கினு போயிடறேன்."

நைனா, சுவரிடம் பேசுவதுபோல பதில் சொன்னார்: "நான் அதுல காலே வெக்க மாட்டேன்னு சொல்லு."

பாகம் பிரிப்பது என்றால் நடுவில் சுவர் வைப்பது என்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். மாமரம் ஒரு பக்கம், கிணறு ஒரு பக்கம். எங்கள் வீட்டில் நான் எந்தப் பக்கம் என்று இரவெல்லாம் யோசித்தேன். பொரி உருண்டை பாதியாகிவிடும் என்பதும் அதில் ஒரு கவலை, மறைக்கவில்லை.

அம்மா மறுநாள் காலை, கைக்குழந்தையான என் தம்பிக்குக் கன்னத்தில் மை தீற்றிக்கொண்டே புலம்பினாள். "எல்லாம் கண்ணு! ஊரே நின்னு பாத்துச்சே, சும்மா போவுமா? குழந்தைக்கு வெக்கிற மாதிரி அந்த வண்டிக்கும் ஒரு பொட்டு வெச்சிருந்தா அண்ணன் தம்பிக்குள்ள இவ்ளோ வந்திருக்குமா?"

புத்திசாலிகள் இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். நான் கணக்குப் போட்டேன். தம்பி இத்தனூண்டு, அவனுக்குப் பொட்டு மிளகளவு. வண்டி தம்பியைப்போல் எத்தனை மடங்கு? பொட்டு அப்பளம் அளவுக்கு வந்தது. அவ்வளவு மைக்கு எங்கே போவது? சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் உருகிக் கொப்புளம் கொப்புளமாக நின்றது. ஒரு கொட்டாங்குச்சி நிறைய வழித்து எடுத்துக்கொண்டேன்.

உச்சிப் பொழுது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பெயிண்டர் சாப்பிடப் போயிருந்தார். வண்டியைப் பெரிய படுதா போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே புகுந்தேன். மங்கலான வெளிச்சம், புதுப் பெயிண்ட் வாசனை. இடது கன்னத்தைத் தேடிப்பிடித்து, கட்டைவிரலைத் தாரில் முக்கி, வட்டம் போட்டு நிரப்பினேன். வட்டம் சரியாக வரவில்லை. கொஞ்சம் பெரிதாக்கினேன். அப்படியும் வரவில்லை.

அப்போது வண்டிக்குள்ளிருந்து, மிக மெதுவாக, "ப்பாம்... ப்பாம்" என்று கேட்டது.

நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு உள்ளே நைனா. இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்து, படுதாவையே ரோடாக நினைத்து ஏதோ ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார். உதட்டைக் குவித்து மறுபடியும் "ப்பா..." என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். என் கையில் கொட்டாங்குச்சி. அவர் கையில் ஸ்டேரிங். யார் யாரைப் பிடித்தது என்று தெரியவில்லை. அவர் நிதானமாக இறங்கி, தோள் துண்டால் ஸ்டேரிங்கைத் துடைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டார். நான் இந்தப் பக்கமாக ஓடினேன்.

மண்ணெண்ணெய் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டால் எதற்கு என்பாள். எனவே மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். விரல் கருப்பாகவே இருந்தது. மண்ணும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை பட்டறை வாசலில் தேர் பார்க்க வந்ததுபோல் கூட்டம். நைனாவும் வந்திருந்தார், ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரமாக நின்றார். கேட்டவர்களிடம், "பூசைக்கு வரல. சும்மா டீ சாப்ட வந்தேன்" என்றார். அவர் டீயே சாப்பிடாத மனிதர்.

சித்தப்பா படுதாவை இழுத்தார்.

பாலாடைக் கன்னத்தில், கருகின அப்பளம்போல் என் பொட்டு. ஓரத்தில் தார் வழிந்து மீசை வேறு முளைத்திருந்தது. பாய் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வெளியாள் கண்ணு இல்லப்பா இது. வீட்டாள் வேலை" என்றார் டீக்கடைக்காரர், உதவியாக.

சித்தப்பா திரும்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பாகம் என்கிற வார்த்தை வரப்போகிறது, வீட்டு நடுவில் சுவர் எழும்பப்போகிறது, எல்லாம் என் கட்டைவிரலால். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குப் பதில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நைனா ரோட்டைத் தாண்டி வந்தார். பொட்டைப் பார்த்தார். ஒரு கணம் என்னையும் பார்த்தார்.

"இன்னாடா பாக்கற? நான்தான் வெச்சேன்."

"நீயாண்ணே? எதுக்குண்ணே?"

"பின்ன? இவ்ளோ அழகா கட்டி நடுரோட்டுல நிறுத்தனா ஊர்க் கண்ணு சும்மா வுடுமா? கொஞ்சமாவது அறிவு இருக்குதா உனக்கு?"

சித்தப்பா நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டார். சவுதிக்குப் போன அன்றைக்குக்கூட அழாதவர். பெயிண்டர் தின்னரும் துணியுமாகக் குனிந்தபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினார்: "தொட்ட, கைய ஒடச்சிடுவேன். எங்கண்ணன் வெச்ச பொட்டு. அப்டியே இருக்கட்டும்."

பூசணிக்காய் உடைந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது. நைனா, முதல் தடவை ஏறுகிறவர்போல் கதவுப் பிடி எங்கே என்று தடவி, "இத எப்டிடா தொறக்கறது?" என்று கேட்டு ஏறினார். என்னைத் தேக்குத் தொட்டியில் தூக்கி வைத்தார் சித்தப்பா. வைக்கும்போது என் வலது கையைப் பிரித்துப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்த்தார். மூடினார்.

"பட்டறை ஜன்னல்ல மண்ணெண்ணெ இருக்குது. வந்ததும் தேய்ச்சிக்கோ பாப்பா. பலகையில மட்டும் வெக்காத" என்று காதோடு சொல்லிவிட்டு, மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் வண்டியைக் கிளப்பினார்.

கோட்டையைச் சுற்றிக்கொண்டு போனோம். முன்னால் அண்ணனும் தம்பியும் ஏதோ கத்திப் பேசிக்கொண்டு போனார்கள். ஆரன் தேவையில்லாத இடத்திலெல்லாம் அடித்தது. எந்தக் கை அடித்தது என்று பின்னாலிருந்து தெரியவில்லை. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பொட்டு வைத்தது நான் என்று சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மறுபடி எதற்கு அழ வேண்டும்? தெரிந்தும் எதற்கு அதை அண்ணன் வைத்த பொட்டு என்றே கடைசிவரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்? வெயிலில் வேகவேகத் தார் வழித்தவள் நான். பேர் வாங்கிக்கொண்டவர் நைனா.

அந்த அநியாயத்துக்காக அவரோடு இரண்டு நாள் பேசவே இல்லை.