என் காலுக்கு மூன்று கொட்டேஷன்

எனக்கு நின்றுகொண்டு பாடம் நடத்தித்தான் பழக்கம். தெலுங்கு பேசும் ஊரான திருமுல்கேரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். உட்கார்ந்தால் பின் பெஞ்சு தெரியாது, தூக்கமும் வரும். நின்று நின்றே இடது காலில் நரம்பு சுருண்டு, கெண்டைக்கால் முழுக்கப் பச்சைப் புடைப்பு. சாயங்காலமானால் கால் கல்லாய்க் கனக்கும். தலைமையாசிரியை பரிதாபப்பட்டு, இனி ஆபீஸ் வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரும்பலகையை விட்டால் நான் யார்?

ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார்கள். ஆனால் என் கணவர் பாதுகாப்புத் துறை ஆபீஸ் ஒன்றில் கொள்முதல் பிரிவு. மூன்று கொட்டேஷன் இல்லாமல் குண்டூசிகூட வாங்காத இடம். என் காலுக்கும் அதே விதிதான். முதல் டாக்டர், தொடை இடுக்கில் கீறிக் கெட்ட நரம்பை உருவி எடுத்துவிடலாம் என்றார். இரண்டாமவர், உருவ வேண்டாம், லேசர் இழையை உள்ளே விட்டுச் சுட்டு மூடிவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். மூன்றாமவர் பசை வைத்து ஒட்டுகிறவராம். அவர் வெளிநாடு போயிருந்தார். அவர் வரட்டும் என்றார் கணவர்.

பைல் காத்திருக்கும், கால் காத்திருக்குமா? ஒரு நாள் வகுப்பில் கணுக்கால் புடைப்பு மேசைக் காலில் உரசி, ரத்தம் செருப்பை நனைத்துவிட்டது. தரையில் படுத்து, காலைப் பெஞ்சின்மேல் தூக்கி வைத்து, முந்தானையால் அழுத்திக்கொண்டேன். பயத்தில் தமிழ்ப் பிள்ளைகள்கூடத் தெலுங்கில் அழுதார்கள். பாதியில் விட்ட கணக்கை முடிக்கச் சொன்னேன். அழுதுகொண்டே முடித்தார்கள், விடைதான் தப்பு.

மறுநாளே லேசர் டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டேன். கணவரிடம் கேட்கவில்லை, தகவல் சொன்னேன். ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் அவர் என் கையை விடவில்லை.

"பசைக்காரருக்காக இல்லம்மா. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். அதான் இழுத்துக்கிட்டே போனேன்."

அத்தனை நாள் கோபமும் போய், எனக்கு அழுகை வந்தது.

இடது காலை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்தது. தொடைவரை இறுக்கமான காலுறை மாட்டி, எழுந்து நடங்கள் என்றார். நான் வராந்தாவில் நடக்க, கணவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"கொஞ்சம் உக்காரேம்மா."

"நீங்க உக்காருங்க. நான் நிக்கிறதுக்குத்தானே இவ்வளவும்."

உட்கார்ந்தார். அவர் கால்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.