நோன்பு மாதத்தின் மதியச் சாப்பாடு

வாழைத்தாரை மரத்தில் பார்த்தே எடை சொல்லுகிறவன் நான். சின்னமனூர்ப் பக்கம் எந்தத் தோட்டத்துக்காரரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தராசில் வைத்தால் ஒரு சீப்பு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அடுத்தவர் லாரியில் தார் ஏற்றிக் கூலி வாங்கியவன், உத்தமபாளையத்தில் சொந்த மண்டி வைத்தேன், மாடி வீடு கட்டினேன். எழுத்துக்கூட மண்டிக்கு வந்த பழைய பேப்பரைப் பார்த்துப் பழகியதுதான். இதையும் நானே எழுதுகிறேன்.

அப்படிப்பட்ட கண்ணுக்கு என் கடைசி மகள் இளைத்தது தட்டுப்படவில்லை. அவள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ரம்ஜான் மாத நோன்பை ஒன்றுகூட விடமாட்டாள். அது முடிந்தால் பெருநாளுக்குப் பிறகு வைக்கிற ஆறு நோன்பு, அதற்குப் பிறகு திங்களும் வியாழனும். தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவி ஒளு செய்யப் போனால் வெகுநேரம் குழாயடியில் நிற்பாள். பள்ளிவாசல் வாசலில் நான் சொல்லிக்கொண்டு திரிவேன்: "எம் மக மாதிரி பேணுதலா இருக்கிற பிள்ளையை இந்த ஊருல காட்டுங்க பாப்போம்." கேட்டவர்களும் தம் பிள்ளைகளிடம் அவளைத்தான் உதாரணம் காட்டினார்கள். எனக்கு அதில் தலை கால் புரியவில்லை.

ஒருநாள் குழாயடியிலேயே மயங்கி விழுந்தாள். தூக்கினேன். பச்சைத் தாரே அதைவிடக் கனக்கும்.

மதுரையில் முதலில் ஒரு டாக்டர் கழுவுகிற வியாதிக்கு மாத்திரை கொடுத்தார். கழுவுவது கொஞ்சம் குறைந்தது, சாப்பாடு இன்னும் குறைந்தது. அடுத்த ஆஸ்பத்திரியில் உடம்பைத் தேற்றி அனுப்பினார்கள். சதை பிடித்தது, வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கவளத்துக்கும் எழுந்துபோய்க் கை கழுவ ஆரம்பித்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வாழைநாரில் கயிறு திரித்தவனுக்கு இது புரியும். இரண்டு புரி சேர்ந்து முறுக்கியிருக்கிறது. ஒன்றை மட்டும் இழுத்தால் மற்றது இறுகத்தான் செய்யும்.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள். நான் மகளின் நோன்புக் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன்.

"நல்லதுங்கய்யா. நோன்பு திறக்கிறப்ப என்ன சாப்பிடுறாக?"

"எல்லாரும் திங்கிறதுதான். கஞ்சி, வடை..."

என் வீட்டுக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு பேரீச்சம்பழம், அரை கிளாஸ் தண்ணிங்க. தொழணும்னு மாடிக்குப் போயிருவா. பெறகு கீழ வரமாட்டா."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க? அவ பெருமையைப் பேசத்தான் ஒங்களுக்கு நேரம்."

மகள் அப்போது வாயைத் திறந்தாள். வயிற்றில் சோறு இருந்தால் உடம்பே அழுக்காக இருக்கிறதாம்; அந்த உடம்போடு தொழுதால் தொழுகை சேராது என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்குமாம். தடித்துவிடுவோம் என்ற பயமும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. எது எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா வழி சொன்னார்கள். மாத்திரை உண்டு. வேளை தவறாமல் சாப்பாடு, பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். சாப்பிட்ட பிறகு எல்லாரையும் போல ஒரு தடவை கை கழுவலாம், மறுபடி குழாய்ப் பக்கம் போகக்கூடாது. மனசு பதறும், பதறட்டும், தானாக அடங்கும் வரை கூட இருக்க வேண்டும். வாராவாரம் மதுரைக்கு வந்து எடை பார்க்க வேண்டும். கடைசியாக, "வர்ற ரம்ஜானுக்கு இவுக நோன்பு பிடிக்கக்கூடாது. உசுருக்கு ஆபத்து" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. டாக்டருக்கு எங்கள் மார்க்கம் என்ன தெரியும் என்று நேரே பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடம் போனேன். அவர் என் பக்கம் பேசுவார் என்றுதான் போனேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நோயாளிக்கு நோன்புல சலுகை இருக்கு, ராவுத்தரே. அவ விடுற ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு நீங்க சோறு போடுங்க. ஒளுவுல மூணு தடவை கழுவினா முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல பத்தலைன்னு தோணுறது வீண் சந்தேகம், காதுல வாங்காதன்னு பிள்ளைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க." வாசல் வரை வந்தவர், "நீங்களும் வாசல்ல நின்னு அவ நோன்பை எண்ணுறத விட்டுருங்க" என்றார்.

வீட்டில் வேலை ஆரம்பமானது. மண்டியில் என்னிடம் விலை குறைத்து ஜெயித்தவன் கிடையாது. மகள் ஜெயிக்கப் பார்த்தாள்.

"அத்தா, ஒரு இட்லி கொறச்சுக்கிறேன். கை கழுவ மட்டும் விடுங்க."

"பேச்சே கிடையாதுத்தா. வச்சது வச்சதுதான்."

"அப்ப பாதியாச்சும்..."

"கேரளா ஏவாரிகூட இப்படி இழுக்க மாட்டான்."

சில நாள் அழுகையிலும் சிரித்துவிடுவாள். சில நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "நீங்க எனக்கு அத்தாவே இல்ல" என்பாள். அப்போதும் நான் எழுந்து போனதில்லை. ஊரில் பெரிய பெரிய ஆட்களால் முடியாத காரியம் அது, நான் செய்தேன்.

ரம்ஜான் வந்தது. முதல் நாள் மண்டியில் ஒரு வியாபாரி, "என்ன ராவுத்தரே, இந்த வருசமும் ஒங்க மகதான் முதலா?" என்று சிரித்தார். சுற்றி ஆட்கள் நின்றார்கள். வெறுமனே தலையை ஆட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். "எம் மக சாப்பிடுறா. நான் போய்த்தான் சோறு வைக்கணும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டில் எல்லாரும் நோன்பு. எங்கள் வீடுகளில் நோன்பு இல்லாத பெண்கள் அந்த மாதம் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். கதவைச் சாத்தினால் தட்டு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கூடத்தில் நடுவாக விரிப்புப் போட்டு, சோறும் தால்ச்சாவும் என் கையாலேயே வைத்து, எதிரே உட்கார்ந்தேன்.

"நோன்பாளி முன்னாடி எப்படித்தா திங்க? பாவமில்லையா?"

"ஹஜ்ரத்து சொல்லிட்டாக. பசிக்கிறது எனக்கு, திங்கிறது நீ. ரெண்டு பேரும் அவுகவுக வேலையப் பாப்போம்."

"தால்ச்சா மணம் ஒங்களுக்கு வருதா?"

"வருது. பேசாமத் தின்னு, என்னைச் சோதிக்காத."

அவள் சோற்றைப் பிசைந்தாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். குழாய்ப் பக்கம் திரும்பினாள். என் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது, நான் அசையவில்லை. முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்ததற்கு மூடவில்லை. மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லுகிற நேரம் வந்தும் தட்டில் பாதி இருந்தது.

"அத்தா, பள்ளியில லுகர் ஜமாஅத் தவறிப்போயிரும். போங்க."

"நீ முடி. நான் வீட்டுலயே தொழுதுக்கிறேன்."

முடித்தாள். எழுந்து போய்க் கை கழுவினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் கூடத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து, ஈரக் கையோடு என் எதிரே மறுபடி உட்கார்ந்தாள். கண் திரும்பத் திரும்பக் குழாய்ப் பக்கம் போனது. பதற்றம் அடங்கும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.