மூன்று தடவை ஃபெயிலான வண்டி

1. பச்சைப் புள்ளி செட்

என் ஒர்க்‌ஷாப்பில் ரிம்மோடு நான்கு டயர்கள் இருந்தன. அவை எந்த வண்டிக்கும் சொந்தமில்லை. ஆனால் என்னிடம் வந்த டாக்ஸிகளில் பாதி அந்த நான்கின் மேல் நின்றுதான் எஃப்.சி. பாஸ் ஆகின.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கார் பழசாகிவிட்டால் வருடா வருடம் எஃப்.சி.க்கு, அதாவது ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டுக்கு, வண்டியைக் காட்ட வேண்டும். பிரேக், ஸ்டியரிங், லைட், டயர் எல்லாவற்றையும் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். சரியாக இருந்தால் பாஸ். இல்லையென்றால் குறையைத் தாளில் எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்; சரிசெய்து மறுபடியும் காட்ட வேண்டும். நம்ம ஆட்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் என்னிடம் வந்து பட்டன் தேய்ந்து போன வழுக்கை டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு என் செட்டை மாட்டுவார்கள். பாஸ் ஆனதும் மத்தியானம் வந்து, அதே வழுக்கையைத் திரும்ப மாட்டிக்கொண்டு மதுரை சவாரிக்குப் போவார்கள். எனக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் வரும்.

டயரோடு ஒரு முதலுதவிப் பெட்டியும் இரவல் போகும். அதிலிருந்த பஞ்சுக்கு என் மகள் வயது இருக்கும்.

ஒரு தடவை ஒரு டிரைவர் என் டயரில் ஒன்றை வைத்துக்கொண்டு தன் டயரைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். பிறகு நான்கையும் புதிதாக வாங்கி, ஒவ்வொரு ரிம்மிலும் பச்சை பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன். திருட்டு வேலைக்கு வைத்த பொருள் திருட்டுப் போகக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். உண்மையில் அப்போது நான் ஊருக்கு உபகாரம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. கோமதி டீச்சருக்கு ஒரு கார்

கோமதி டீச்சர் எங்கள் தெருக்காரர். கணக்கு டீச்சர். அவர் வீட்டுக்காரருக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் இரண்டு நாள் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். போகும்போது பஸ்ஸில் எப்படியோ போய்விடுவார். திரும்பும்போது துவண்டுவிடுவார். ஒரு நாள் பஸ் படியிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். அன்றைக்குத்தான் டீச்சர், ஐம்பத்து மூன்று வயதில், டிரைவிங் படிப்பது என்று முடிவெடுத்தார்.

லைசென்ஸ் கிடைத்த மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

“அண்ணாச்சி, பழைய கார்தான் என்னால முடியும். அழகா இருக்கணும்னு இல்ல, ஏசி வேண்டாம். நடுவழியில மட்டும் நிக்கக் கூடாது. அவர எறக்கி ரோட்டோரத்துல ஒக்கார வைக்க முடியாது பாத்துக்கிடுங்க.”

“நான் பாத்துச் சொல்லுதேன் டீச்சர். நீங்க நிம்மதியா போங்க” என்றேன். இந்தத் தொழிலில் நிம்மதியாகப் போகச் சொல்வது ரொம்பச் சுலபம்.

புரோக்கர் மாடசாமி இரண்டு வண்டிகளின் ஃபைலைக் கொண்டுவந்தான். இரண்டும் ஒரே மாடல், ஒரே வயது, இரண்டும் டாக்ஸியாக ஓடியவை. சொந்த உபயோகத்துக்கு மாற்றித் தருவது அவன் பொறுப்பு. வெள்ளை வண்டியின் ஃபைல் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. எல்லா வருடமும் குறித்த தேதியில், முதல் தடவையிலேயே பாஸ். சாம்பல் வண்டி மூன்று தடவை ஃபெயிலாகியிருந்தது. ஒரு வருடம் ஹேண்ட் பிரேக், ஒரு வருடம் ஸ்டியரிங் ஆட்டம், இன்னொரு வருடம் புகை.

“வே மாடசாமி, மூணு தடவ பெயிலான வண்டிய எதுக்குவே கொண்டாந்தீரு?”

“ஒரு ஒப்புக்கு வேணும்லா அண்ணாச்சி. அது பக்கத்துல வச்சாத்தான் இதுக்கு மவுசு.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அது அவன் தொழில். நானும் பாஸ் முத்திரையையும் தேதியையும் மட்டும் பார்த்தேன். உள்ளே இருந்த போட்டோக்களைப் புரட்டவே இல்லை. வெள்ளையையே எடுங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் இரண்டு ஃபைலையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஃபைலைப் பார்த்து என்ன தெரியப்போகிறது என்று நானும் மாடசாமியும் சிரித்துக்கொண்டோம்.

3. சிவப்பு மை

இரண்டு நாள் கழித்து டீச்சர் வந்தார். கையில் ஃபைல், விரலிடுக்கில் சிவப்புப் பேனா. பேனாவைப் பார்த்ததுமே எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது.

“இந்த வெள்ளையப் பாருங்க. இது போன வருசம் எஃப்.சி. அன்னைக்கு எடுத்த போட்டோ. இது அதுக்கு முந்தின வருசம். ரெண்டுலயும் டயர் புதுசு. ஒரு வருசம் டாக்ஸி ஓடியும் ஒரு கோடுகூட தேயல. எப்படி அண்ணாச்சி?”

“நல்ல டிரைவரா இருந்திருப்பான் டீச்சர்.”

“இருக்கட்டும். ரிம்முல ஒரு பச்சைப் புள்ளி இருக்கு. ரெண்டு போட்டோலயும் இருக்கு. ஆனா போன வாரம் விக்கதுக்கு எடுத்த போட்டோல புள்ளியும் இல்ல, டயர்ல பட்டனும் இல்ல.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாடசாமி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

டீச்சர் மெல்லத் திரும்பி, ஏர் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் பார்த்தார்.

“அங்கன சாத்தி வச்சிருக்கது என்னது அண்ணாச்சி?”

நான்கு பச்சைப் புள்ளிகளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்கென்று நான் தார்ப்பாய் போட்டுக்கூட மூடி வைத்திருக்கவில்லை.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாம்பல் வண்டியின் ஃபைலை விரித்தார். ஃபெயிலான ஒவ்வொரு தாளோடும் பார்ட்ஸ் வாங்கிய ரசீதைச் சேர்த்துப் பின் அடித்திருந்தது.

“இவன் மூணு பாடத்துல பெயிலாயிருக்கான். ஆனா ஒரு தடவ பெயிலான பாடத்துல மறுபடி பெயிலாகல. வெள்ள வண்டி இருக்கானே, அவன் காப்பியடிச்சு நூறு வாங்கியிருக்கான். அதுவும் ஒங்க பேப்பரப் பாத்து.”

முப்பத்தெட்டு வருடத் தொழிலில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதில் பாதியை ஞாபகம் வைத்துச் சிரிக்கவும் செய்வேன். இதற்கு மட்டும் இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

4. வண்டிக்கு அடியில்

அன்று சாயங்காலமே வெள்ளை வண்டியை வரவழைத்து ஜாக்கியில் ஏற்றினேன். முன் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய், வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங் ஆட்டம் கையில் தெரியாமலிருக்க, முன் சக்கரத்தின் பால் ஜாயின்டில் கெட்டி கிரீஸை அப்பி வைத்திருந்தார்கள். டயர் புதிதாக இருந்தால் மற்றதையும் இன்ஸ்பெக்டர் அவ்வளவு தோண்டிப் பார்க்க மாட்டார் என்ற தைரியம். அந்தத் தைரியத்தைக் கொடுத்தவன் நான். பின் சீட்டில் டீச்சர் வீட்டுக்காரர் துவண்டு கிடக்க, டீச்சர் பிரேக்கை மிதிப்பதை நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராமல் அப்படியே கிடந்தேன்.

சாம்பல் வண்டிக்காரர் ஐயாத்துரை, இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் வண்டியையும் ஏற்றிப் பார்த்தேன். பழசுதான், ஆனால் மறைத்து வைத்தது ஒன்றும் இல்லை. டயர் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அதையும் அவரே முதலில் சொல்லிவிட்டார்.

“ஒரு நாளாவது எங்கிட்ட செட்டு கேட்டு வந்திருக்கேரா?” என்று கேட்டேன்.

“எதுக்குவே? இன்ஸ்பெக்டர் மெனக்கெட்டு குனிஞ்சு பாத்து கோளாறு எதுன்னு சொல்லுதாரு. அவர ஏமாத்திட்டு வண்டிய நான்தான ஓட்டணும்? அவரா ஓட்டுதாரு?”

பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அது தோன்றியதே இல்லை.

டீச்சர் சாம்பல் வண்டியைத்தான் வாங்கினார். டெலிவரிக்கு முன்னால் என் செட்டின் தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன். மூன்று வருடம் ஆகவில்லை. இத்தனை வருடத்தில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எஃப்.சி. மைதானம் வரைக்கும்தான் ஓடியிருந்தது. நான்கையும் அந்த வண்டியில் மாட்டினேன். டீச்சர் வந்து பார்த்துவிட்டு, “இதுவும் மத்தியானம் திரும்ப வந்துருமா?” என்றார்.

“வராது டீச்சர். போல்ட்ட நல்லா முறுக்கியிருக்கேன்.”

அவர் வீட்டுக்காரர் முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துப் பார்த்தார். “ஏட்டி, இதுல நான் தூங்கிருவேன் போலருக்கே” என்றார். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டார்.

பழைய வண்டியின் ஃபைலைப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பாஸை எண்ணாதீர்கள். எதில் ஃபெயிலானது, அதற்குப் பிறகு என்ன செய்தார்கள், அதே குறை திரும்ப வந்ததா என்று பாருங்கள். ஒரு தடவைகூட ஃபெயிலாகாத பழைய டாக்ஸி என்றால், எந்த ஒர்க்‌ஷாப்பில் என்ன இரவல் வாங்கினார்கள் என்று விசாரியுங்கள். போட்டோவைப் புரட்டிப் பார்க்க மறக்காதீர்கள். நான் மறந்தேன்.

இன்றைக்கும் யாராவது ஒரு டிரைவர் காலையில் அவசரமாக வந்து நிற்பான்.

“அண்ணாச்சி, இன்னைக்கு எஃப்.சி. செட்டு எங்கன?”

“திருநெல்வேலிக்குப் போயிருக்கு.”

“எப்ப வரும்?”

“தேஞ்சப்புறம்” என்பேன். பிறகு அவன் வண்டியை ஜாக்கியில் ஏற்றச் சொல்வேன்.