மரத்துப்போற ஊசி

பல் டாக்டர் தொழிலில் பல்லைப் பிடுங்குவது சுலபம். அதற்கு முன்னால் போடும் மரத்துப்போற ஊசியில்தான் சமாசாரமே இருக்கிறது. ஊசியைப் பிடித்த கையோடு வியர்த்து நின்றவர்கள் என் கூட்டம். நீங்களும் பல் டாக்டரானால் உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

ரிக் வண்டிக்காரர்

நாமக்கல்லில் நான் கிளினிக் திறந்த புதிது. திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு பாதி இந்தியாவில் போர் போட்டவர். ஊசியை நான் எடுத்ததும் முகம் வெளுத்து, அப்படியே சரிந்துவிட்டார். நாற்காலியைப் படுக்கையாகச் சாய்த்து, காலைத் தூக்கிப் பிடித்தோம். நாடி மெதுவாகத் திரும்பியது. கண் விழித்ததும், "ஊசி போட்டாச்சுங்களா?" என்றார். இன்னும் இல்லை என்றேன்.

"அப்ப இன்னொருக்கா மயங்கோணுமுங்களா?"

மூடாத கண்

ராசிபுரத்தில் தறி ஓட்டுகிற அக்கா ஒருவர். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்தில் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியவில்லை. கூட வந்த கணவர் சேலத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று எழுந்துவிட்டார். "ஊசி கொஞ்சம் பின்னால் போயி முகத்து நரம்பும் மரத்துருச்சுங்க. தப்பு என்னுதுதான். மருந்து வேகம் இறங்கினா சரியாயிரும்" என்றேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இமையை மூடி ஒட்டினேன். அக்கா கணவரை உட்காரச் சொன்னார். மூன்று மணி நேரம் கழித்து இமை அசைந்தது. பயந்து ஓடாமல் ஏன் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"மறைக்காமச் சொன்னீங்கல்லங்க, அதான் உக்காந்திருந்தேன்."

செல்வி பார்த்தது

செல்வி என் உதவியாளர். எருமப்பட்டி விவசாயி ஒருவருக்கு நான் ஊசி போட்டுவிட்டு, மரத்திருக்கிறதா என்று ஈறைத் தட்டிக்கொண்டிருந்தேன். "மேடம், அவர் கழுத்தைச் சொறியறாருங்க" என்றாள். சட்டையை விலக்கினால் மார்பெல்லாம் தடிப்பு. அவர் குரலும் கம்மிக்கொண்டிருந்தது. நான் கேட்பதற்குள் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி என் கையில் இருந்தது. தொடையில் போட்டேன். அவளே ஆக்சிஜன் வைத்து, நூற்றெட்டுக்குப் போன் செய்தாள்.

இரண்டு நாளில் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அன்று செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்றேன்.

"நீங்க வாயைப் பாத்துட்டிருந்தீங்க மேடம், நான் ஆளைப் பாத்தேனுங்க."

ஐந்து வருஷம் கல்லூரியில் படித்தேன் என்று பெயர்ப்பலகையில் போட்டிருக்கிறேன். மிச்சப் பாடத்தை நடத்தியவர்களில் பாதிப்பேர் மரத்த வாயோடு நடத்தினார்கள் என்பதைப் போட அதில் இடமில்லை.