அத்தா எழுதிய சுவர்

தேன் வாங்கி விற்பவனுக்கு ஊரில் எல்லாருமே திருடர்களாகத்தான் தெரிவார்கள். அது தொழிலோடு வரும் வியாதி. கொச்சி மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாகத் தேனும் குங்கிலியமும் சீயக்காயும் வாங்கி விற்கும் ராவுத்தர் குடும்பம் எங்களுடையது. கலப்படத்துக்குப் பயந்தே தலை நரைத்த சக வியாபாரிகளே, நான் பட்டதைக் கேளுங்கள்.

தண்ணீர்த் தேன்

பறம்பிக்குளம் பக்கத்துக் காடர் பழங்குடியினர் சொந்தமாகச் சங்கம் வைத்து, தரகர் இல்லாமல் முதல்முறையாக நேரடியாகச் சரக்கு கொண்டுவந்தார்கள். சங்கத் தலைவி மல்லிகாவுக்கு நாற்பது வயதிருக்கும். வால்பாறையில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். நான் வழக்கம்போல் தேனை விரலில் தொட்டேன். நீர்த்து ஓடியது. "தண்ணி கலந்திருக்கே தங்கச்சி" என்றேன், எங்கள் குடும்பத்தில் எல்லாரும் காலங்காலமாகச் சொன்ன அதே தொனியில்.

மல்லிகா கோபப்படவில்லை. சோதனைக்கு அனுப்பச் சொன்னார். களமசேரி ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது: கலப்படமே இல்லை. காட்டுத் தேனில் இயல்பாகவே ஈரம் கூடுதலாம். இத்தனை வருடம் எத்தனை பேரை ஏமாற்றுக்காரன் என்று திருப்பி அனுப்பியிருப்போம் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முடிவைக் கேட்க வந்த மல்லிகா சொன்னார்:

"மழைக்காட்டுத் தேன் பாய். காஞ்ச தேன்தான் வேணும்னா பாலைவனத்துக்குப் போகணும்."

உத்தரம்

அன்று சாயா வரவழைத்தேன். மல்லிகா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தார். எங்கள் சரக்குக் கிட்டங்கியின் தேக்கு உத்தரங்களைப் பார்த்து வாய் பிளக்காதவர் இல்லை. நானும் பெருமையாக, "பாட்டனார் காலத்து மரம். இப்போ கிடைக்குமா?" என்றேன்.

அந்தக் காலத்தில் அரசாங்கம் காடர்களின் காட்டை வெட்டி மரத்தைக் கொச்சித் துறைமுகத்துக்கு அனுப்பியதையும், பிறகு அணைக்கட்டு வந்து குடிசைகளை இடம் மாற்றியதையும் மல்லிகா சாதாரணமாகச் சொன்னார். குரல் உயரவே இல்லை. நான்தான் சாயா தம்ளரைக் கீழே வைத்தேன். அவர் அண்ணாந்து பார்த்தபடியே சொன்னார்:

"எங்க முப்பாட்டன் இழுத்த மரமா இருக்கும். நல்லா வச்சிருக்கீங்க பாய்."

சுவர்

கிளம்பும்போதுதான் அவர் கண் தராசுக்கு மேலிருந்த சுவரில் விழுந்தது. என்னைப் பெற்ற அத்தா தார் தொட்டுத் தமிழில் எழுதிய வரி: "காட்டுக்காரன் சரக்கை இருமுறை பார்." எங்கள் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. என் பிள்ளைகளுக்கே மலையாளம்தான் ஓடும். எங்களிடம் மூட்டை தூக்கும் குஞ்ஞுமோன் சேட்டனிடம் முன்பொருநாள் அர்த்தம் சொன்னபோது தலையில் கை வைத்தார். "ஐயோ, பிரார்த்தனைன்னு நினைச்சு தினமும் அண்ணாந்து கும்பிட்டேனே!"

நான் ஏன் அழிக்கவில்லை? மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். அத்தாவின் கையெழுத்து என்று வேறெதுவும் என்னிடம் இல்லை.

"எங்கப்பன் தரகரோட வந்து இந்தச் சொவத்துக்குக் கீழதான் தேன் டின்னோட நின்னிருக்காரு. அவருக்குப் படிக்கத் தெரியாது" என்றார் மல்லிகா. பிறகு டின்களை எல்லாம் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். ஏறி உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கடைய நாங்க ஒருமுறை பார்த்தாலே போதும் பாய்."

மரத்தடி

நல்ல சரக்கு போனதோடு மானமும் போனது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மலையேறினேன். நான் போனபோது மல்லிகாவின் கணவர் கால் வைத்து ஏற மூங்கில் முளை அடித்த மரத்தில், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் இருந்தார். கயிறு மல்லிகாவின் கையில். தேனடையை முழுசாக எடுக்கவில்லை. தேனீக்களுக்கென்று ஒரு பங்கை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். இவர்களையா நாங்கள் இருமுறை பார்த்தோம்! என் தொழிலில் இவ்வளவு நேர்மையான வேலையை நான் கண்டதில்லை.

எல்லார் முன்னாலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். தேன் தந்தார்கள், சாப்பாடு போட்டார்கள், சிரித்துப் பேசினார்கள். மறுபடி சரக்கு அனுப்புவீர்களா என்றதற்கு மட்டும் மல்லிகா இப்படிச் சொன்னார்:

"மன்னிப்பை இங்க கேட்டுட்டீங்க. சொவரு அங்கயில்ல இருக்கு?"

சுண்ணாம்பு

சுவரை அழிப்பதாக நான் சொன்ன நாளில் மல்லிகாவும் இன்னும் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். குஞ்ஞுமோன் சேட்டன் வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்தார். "பாயே அடிக்கட்டும்" என்றார் மல்லிகா. நான் ஏணியில் ஏறினேன். "காட்டுக்காரன்" என்ற சொல் சுண்ணாம்புக்குள் போனது. அடுத்த எழுத்துக்குக் கொண்டுபோன மட்டையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். பெரிய பாவம் செய்தவர் என்றாலும் அத்தா அத்தாதானே.

"யார் எழுதினது?" என்று கீழிருந்து குரல் வந்தது. சொன்னேன். நாலு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என்னை இறங்கச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த "சரக்கை இருமுறை பார்" என்பதை மல்லிகா ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"இது இருக்கட்டும் பாய். நல்ல புத்திதான், எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கணும்."

சரக்கு மறுபடி வரத் தொடங்கியது. அன்று முதல் எங்கள் கடையில் தவறாமல் இருமுறை பார்க்கப்படும் ஒரே சரக்கு, அவர்கள் பெயரைப் போட்டு நான் அடைக்கும் தேன் பாட்டில்தான், பார்ப்பவர் மல்லிகா.