கருநீலப் படகில் வெள்ளை வட்டங்கள்

1. அம்மை போட்ட படகு

புதன்கிழமை காலை, படகை எடுத்துப்போக வந்த சர்க்கார் அதிகாரி அதை ஒருமுறை சுற்றி வந்தார். விரலால் தடவினார். எங்கள் முதலாளியைப் பார்த்து, "இன்னாங்க இது? புது பெயிண்ட்டுன்னீங்க, அம்மை போட்ட மாதிரி இருக்குது?" என்றார்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் லாரி பாடி கட்டும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் நான் பெயிண்டிங் மேஸ்திரி. தென்னேரி ஏரியில் மதகு பார்க்கப் போகும் சர்க்கார் மரப்படகு ஒன்று எங்களிடம் வேலைக்கு வந்திருந்தது. மரத்தின் கீறல்களுக்குப் புட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, கருநீல எனாமல் இரண்டு கோட் அடித்தவன் ஏசுதாஸ். ஏழு வருஷமாக என்னோடு வேலை செய்பவன். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி முடித்திருந்தான். பத்து நாள் யார்டில் டெலிவரிக்காகக் காத்திருந்த அதே படகில்தான் உடம்பெல்லாம் வெள்ளை வட்டம்.

அதிகாரி வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி ஏசுதாஸைக் கூப்பிட்டார்.

"நல்ல எனாமலை வெளில வித்துட்டு மிச்சத்துல கிரசின் ஊத்தி அடிச்சிருக்கிற. வெள்ளிக்கிழமையோட கணக்கு முடிச்சிக்க."

"சத்தியமா இல்ல சார்" என்றான் ஏசுதாஸ். பிறகு என்னைப் பார்த்தான். நான் படகின் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஒருவேளை செய்திருப்பானோ என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. எங்கள் ஊரில் இந்த மாதிரி ஒர்க்‌ஷாப் மொத்தமே மூன்றோ நாலோதான். பெயிண்ட் திருடியவன் என்று பேர் வந்துவிட்டால் ஒன்றிலும் உள்ளே விடமாட்டார்கள்.

2. துடுப்பில் ஏன் இல்லை?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. சாப்பாட்டு நேரத்தில் கேரியரைத் திறக்காமல் படகின் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

வட்டங்களின் நடுப்பகுதி தெளிவாக இருந்தது. விளிம்புதான் வெள்ளை. நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பு. சோப்புப் போட்டேன், போகவில்லை. கிரசின் துணியால் துடைத்தேன், ஈரம் இருக்கும் வரை மறைந்து, காய்ந்ததும் பல்லைக் காட்டியது. பின்பக்கம் தார்ப்பாய் மூடியிருந்த இரண்டு அடியில் ஒரு புள்ளிகூட இல்லை. அதே டின் எனாமல் அடித்த துடுப்புகள் ஷெட்டுக்குள் கிடந்தன. அவையும் சுத்தம். பெயிண்ட்டில் கலப்படம் என்றால் துடுப்பு மட்டும் எப்படித் தப்பிக்கும்?

கறை விஷயத்தில் சாயப் பட்டறைக்காரர்களை விட்டால் ஆள் கிடையாது. அடுத்த தெருவில் பட்டுக்குச் சாயம் போடும் ரத்னம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். தெலுங்கு பேசும் குடும்பம், என் வயசுதான் இருக்கும். கழுத்து வரை சிவப்புச் சாயம் தெறித்திருக்க, கழியில் பட்டு நூல் கட்டுகளைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"பெயிண்ட் காஞ்சப்புறம் மேல இன்னா ஊத்துனீங்கண்ணா?"

"ஒண்ணும் ஊத்தல. ரோட்டுப் புழுதி படியுதேன்னு தினம் மத்தியானம் ரெண்டு பக்கெட் தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"எங்க யார்டு கிணறுதான்."

ரத்னம்மா சிரித்துவிட்டார். "அய்யோ, அந்த உப்புத் தண்ணியா! அதுல அலசுனா பட்டு திட்டுத் திட்டா பூடும். பின்ன எதுக்கு உங்க கிணத்தத் தாண்டிக்கினு நாலு தெரு போயி தண்ணி கொண்ணாறோம்? அதுல சோப்பே நுரைக்காது."

அவர்கள் வீட்டு ஆட்கள் எங்கள் கிணற்றைத் தாண்டித் தண்ணீர் வண்டி இழுத்துப் போவதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஏதோ ஆசாரம் என்று நினைத்து, "எங்க கிணறு தீட்டா?" என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

"வெயில்ல ஊத்தி அப்படியே காயவிடச் சொன்ன புத்திசாலி யாரு?" என்று கேட்டார் ரத்னம்மா.

அந்தப் புத்திசாலி நான்தான்.

3. சாயப் பட்டறை மருந்து

சாயம் போட்ட பட்டுக்கு மினுமினுப்பு வர, கடைசி அலசலில் கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் விடுவார்கள். ரத்னம்மா ஒரு சின்னப் பாட்டிலில் கொடுத்தார். கூடவே இரண்டு குடம் நல்ல தண்ணீர்.

வியாழக்கிழமை நிழலில் வைத்து வேலையைத் தொடங்கினோம். ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் சிறிதளவு ஆசிட். முதலில் கண்ணுக்குத் தெரியாத அடி ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். நிறம் மங்கவில்லை. நனைத்த துணியை வட்டத்தின் மேல் ஒட்டவைத்து, ஊறியதும் தேய்க்காமல் துடைத்தேன். வட்டம் கரைந்து போயிற்று. உடனே நல்ல தண்ணீரில் அலசி, ஒரு சொட்டுக்கூடத் தானாகக் காயவிடாமல் பழைய வேட்டியால் ஒற்றி எடுத்தோம். சில இடத்தில் உப்பு எனாமலையே அரித்திருந்தது. அங்கே மட்டும் ரப்பிங் காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்து, கடைசியில் மெழுகு பாலிஷ் கொடுத்தோம்.

ஏசுதாஸ் என் எதிரில் உட்கார்ந்து துடைத்தான். தண்ணீர் விஷயத்தை நான் அவனிடமும் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. படகு பளபளவென்று ஆகிவிட்டால் முதலாளி தானாகச் சமாதானம் ஆகிவிடுவார், என் தலையும் தப்பும் என்று கணக்குப் போட்டேன். மேஸ்திரி ஆகி அப்போது ஆறு மாசம்தான் ஆகியிருந்தது.

4. முதலாளியின் கார்

வெள்ளிக்கிழமை அதிகாரிக்குப் பரம திருப்தி. அவர் போனதும் முதலாளி சொன்னார்: "படகு ஜோராத்தான் இருக்குது மேஸ்திரி. ஆனா திருட்டுப் பய எனக்கு வேணாம். அவன அனுப்பிடு."

நான் கிணற்றடிக்குப் போனேன். யார்டில் வெயிலில் அவருடைய கறுப்புக் கார் நின்றிருந்தது. ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரை பானெட்டின் ஒரு பக்கம் தெளித்தேன். மறுபக்கம் ரத்னம்மா கொடுத்ததில் மிச்சமிருந்த நல்ல தண்ணீர். "யோவ், இன்னா பண்ற!" என்று முதலாளி ஓடிவந்தார். தண்ணீர் காயும்வரை கொஞ்சம் நிற்கச் சொன்னேன். காய்ந்தது. ஒரு பக்கம் வட்ட வட்டமாக வெள்ளை. மறுபக்கம் பார்த்தால் லேசான தூசித் தடம், அவ்வளவுதான்.

"பெயிண்ட்ல தப்பில்ல சார். இந்தத் தண்ணிய ஊத்தச் சொன்னது நான்தான்."

முதலாளி காது கூசுகிற மாதிரி திட்டினார். வேலையை விட்டு மட்டும் அனுப்பவில்லை. ஏசுதாஸைப் பார்த்து, "போ, போய் வேலையப் பாரு" என்றார். திருடன் என்று சொன்னதற்கு ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

ஏசுதாஸ் போகவில்லை. என் முன்னால் வந்து நின்றான்.

"உனக்கு இது எப்ப தெரியும்ணே?"

"புதன்கிழமை."

"ரெண்டு நாளா வூட்ல எங்க அப்பாகூட என்னத் திருடன்னு நினைச்சிக்கினு மூஞ்ச திருப்பிக்கினு இருக்காரு" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெயிண்ட் மேல் எந்தத் தண்ணீர் விழுந்தாலும் காயவிடாமல் துடைத்துவிடுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அன்று சாயங்காலம் ஏசுதாஸ் வீட்டுக்குப் போய் அவன் அப்பாவிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.